கிலுகிலுப்பைக் காய்

அண்ணன் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, தன் மகளின் பின்னால் நின்று அவன் ஒரு பச்சைக் காயை ஆட்டிக்கொண்டிருந்த காட்சிதான். திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டிய மணலில் கிலுகிலுப்பைச் செடி இடுப்பளவு வளர்ந்து கிடக்கும். அவரைக்கும் துவரைக்கும் சொந்தக்காரச் செடி. மஞ்சள் பூவில் ஓர் இதழ் கொடிபோல் நிமிர்ந்து நிற்கும், இரண்டு சிறகாய் விரியும். காய் காற்றடைத்த பைபோல் உப்பித் தொங்கும். அப்போது நான் கல்லூரியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். பஸ் ஏறிப் போய்ப் புல் பூண்டு படிக்கிறேன் என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அவனுக்குத் தகடு அடிக்கும் பட்டறையில் வேலை. சம்மட்டிச் சத்தம் காதை அடைத்துவிட்டிருந்தது. எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான். முதுகுப் பக்கம் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். அவன் மகள் நடக்கத் தொடங்கியும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கவலையில் சரியாகச் சாப்பிடக்கூட மாட்டான்.

அன்று என்னைக் கண்டதும், "ஆட்டிக்கினே கீறேன், திரும்பவே மாட்டேங்குது. என் காது அதுக்கும் வந்துட்ச்சாமா?" என்றான். கண் கலங்கியிருந்தது.

பச்சைக் காய் எப்படிக் கிலுகிலுக்கும்? அதில் ஒவ்வொரு விதையும் சின்னக் காம்பால் ஓட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். காய் முற்றி, கறுத்து, உலர்ந்த பிறகுதான் விதைகள் கழன்று உள்ளே உருளும். கையில் எடுத்து ஆட்டினால் யாருக்கும் தெரிந்துவிடும். அவனுக்குத் தெரிய வழியில்லை. 

ஓடிப்போய்க் கறுத்த காய் ஒன்றைப் பறித்து வந்து அவனிடம் கொடுத்தேன். ஆட்டினான். பொரி தின்றுகொண்டிருந்த குழந்தை சட்டென்று திரும்பியது. மறுபக்கம் போய் ஆட்டினான். அந்தப் பக்கமும் திரும்பிச் சிரித்தது. அண்ணன் தரையில் உட்கார்ந்து அழுதான். பிறகு காயைத் தன் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "சத்தம் எப்டிமா கீது?" என்று கேட்டான். 

இன்று அந்தப் பெண் வாய் ஓயாமல் பேசுகிறாள். முதல் சம்பளத்தில் அப்பாவுக்குக் காது மிஷின் வாங்கித் தந்தாள். ஒரே பேஜாரு, லாரி சத்தமெல்லாம் கேட்கிறது என்று எப்போதும் அதைக் கழற்றி வைத்துவிடுகிறான். அவள் வேலையிலிருந்து திரும்பும் நேரத்துக்கு மட்டும் எடுத்து மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவான்.