இடது காலில் பூசிய சந்தனம்

அய்யனாரு நல்லவன்னு சொல்ல வந்தவ இல்ல நான். யார் மேலயாவது கை வெக்காம அவனுக்கு ஒரு மாசம் போவாது. அவங்கம்மாவ அவசரப்படுத்தி எறக்கி வுட்டான்னு மினிபஸ் கண்டக்டர குமராட்சி ரோட்டுல இழுத்துப் போட்டு ஒதச்சவன். அறுப்பு மெஷினுக்கு டூப்ளிகேட் ஆயில் சீலு வித்த கடைக்காரனுக்கு ரெண்டு பல்லு போச்சு. அவங்கப்பன் அடியாத மாடு படியாதுன்னு சொல்லிச் சொல்லியே பெல்ட்டால வளத்தானாம். மாடு படிஞ்சுதோ இல்லியோ, அடிக்க நல்லாக் கத்துக்கிச்சு. பெத்த பொண்ணு வினோதினி, மூணாவது படிக்குது, அதையும் அடிப்பான். தட்டுல சோத்த மிச்சம் வெச்சாக்கூட அறைதான். நானே ஒரு தடவ அவன் கையப் புடிச்சித் தள்ளி, நீயெல்லாம் மனுசனாடான்னு கேட்டிருக்கேன்.

என் பேரு புஷ்பவள்ளி. மஞ்சக்குப்பத்துலேருந்து தெனம் பஸ்ஸேறி வேலைக்குப் போறவ. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவுல ஒரு பழைய ஓடுதளத்துல தனியார் கம்பெனி ஒண்ணு பிளைட் ஓட்டக் கத்துக்குடுக்குது. அங்க நான் ஸ்டோர் கீப்பரு. ஸ்பானர்லேருந்து சாமி படம் வரைக்கும் எம்பொறுப்பு. அய்யனாரு அங்க டெக்னீஷியன். பத்து வருஷம் அறுப்பு மெஷின் ஹைட்ராலிக்கோட மாரடிச்சவன். எண்ணெ எங்க கசியுது, பம்பு எங்க தெணறுதுன்னு குழாய் மேல கைய வெச்சே சொல்லிடுவான். ஆனா லைசென்ஸ் கெடையாது. கையெழுத்து போடறது இன்ஜினியரு கார்த்திகேசன் சாரு. தப்பு நடந்தா கையெழுத்து போட்டவருதான் பதில் சொல்லணும்னு பேரு. நடக்கறது வேற.

எங்க நாலு சீட்டு பிளைட்டுல சக்கரத்த மடக்கி உள்ள இழுக்கறது எண்ணெ பிரஷரு. லீவரத் தூக்குனா பம்பு ஓடும், காலு மூணும் மடங்கும். தரையில நிக்கறப்ப யாராச்சும் தெரியாம தூக்கிட்டா? அதுக்குன்னு இடது காலுல ஒரு சின்ன சுவிட்சு இருக்குது. பிளைட்டோட கனம் காலு மேல எறங்குனா சுவிட்சோட நாக்கு நகந்து பம்புக்குக் கரண்ட்டு போவாம வெட்டிடும். நம்ம கட்டவெரலு அளவுதான் அது.

ஆயுத பூச அன்னிக்கி பிளைட்ட ஜாக்கியில தூக்கி வெச்சி, சக்கரமெல்லாம் அந்தரத்துல தொங்கிட்டு இருந்துச்சு. கழுவித் தொடச்சிட்டாங்க. நான் சந்தனங் கொழச்சி, ரம்பம், சுத்தியல், கம்ப்ரசரு, ஒண்ணு வுடாம பொட்டு வெச்சேன். பிளைட்டுக்கு மட்டும் கஞ்சத்தனமா வெக்கலாமா? மூணு காலுக்கும் மூணு வெரலால பட்ட பட்டயா அப்பி நடுவுல குங்குமம். பாக்கெட்டு சந்தனம், காஞ்சா சிமெண்ட்டு. சாயங்காலம் பூசைக்கு வந்த புள்ளகுட்டிங்களுக்கும் பொரி கடலை குடுத்து எல்லாரும் வூட்டுக்குப் போயிட்டோம்.

மறுநாள் சனிக்கெழம, விஜயதசமி. ஒம்போது மணிக்கு ராகு காலம் பொறக்குது. அதுக்குள்ள பிளைட்ட ஒரு தடவயாவது உசுப்பிடணும்னு மொதலாளி வூட்டுலேருந்து போன் மேல போனு. அவசர அவசரமா ஜாக்கிய எறக்குனாங்க. கார்த்திகேசன் சாரு உள்ள ஏறி உக்காந்தாரு. அய்யனாரு இடது சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெக்கக் குனிஞ்சான். மணி எட்டு அம்பத்தஞ்சு. சாரு பேட்டரிய ஆன் பண்ணாரு.

பம்பு கத்துன சத்தம் எனக்கு இப்பவும் காதுல கேக்குது. பிளைட்டோட மூக்கு பொத்துன்னு தரையில குத்துச்சு. இடது காலு உள்பக்கமாச் சரிஞ்சு, சக்கரம் அய்யனாரு வலது கை மேல ஏறி நின்னுடுச்சு. எலும்பு நொறுங்கறது கேட்டுச்சு. அவன் கத்தல. எட்டு பேரு றெக்கைக்கு அடியில தோளக் குடுத்துத் தூக்கி அவன இழுத்தோம். ரெண்டு வெரலு தோலுல தொங்குது. அந்தக் கையோட எழுந்து நேரா போயி, இடது கையால கார்த்திகேசன் சாரு சட்டயப் புடிச்சி வெளிய இழுத்தான். சாரு மூஞ்சிய றெக்கை மேல வெச்சி மோதுனான். ஒரு தடவ இல்ல, நாலு தடவ. லீவர ஏன்டா பாக்கலன்னு ஒவ்வொரு மோதலுக்கும் கேட்டான். சாரு மூக்கு ஒடஞ்சி ரத்தம் வெள்ள றெக்கையில ஒழுவுது. நாலு ஆம்பளைங்க சேந்துதான் பிரிக்க முடிஞ்சுது.

சிதம்பரம் ஆஸ்பத்திரியில ரெண்டு வெரல எடுத்துட்டாங்க. அவன் அங்க படுத்திருக்கறப்பவே இங்க கத கட்டியாச்சு. சுவிட்சோட வயர அய்யனாருதான் மாத்தி மாட்டியிருக்கான், அதான் கரண்ட்டு வெட்டலன்னு கார்த்திகேசன் சாரு எழுதிக் குடுத்துட்டாரு. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கறாரேன்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அது நெலச்சா அய்யனாருக்கு வேலையும் போச்சு, அடிதடி கேஸும் ஆச்சு. பொண்டாட்டி, புள்ள, அம்மா, மூணு வயிறு அந்த வேலைய நம்பித்தான்.

ஆறாம் நாளு கைக்கட்டோட வந்து நின்னான். கிரேன வெச்சித் தூக்கி பிளைட்ட மறுபடி ஜாக்கியில ஏத்தியிருந்தாங்க. மொதலாளி, கார்த்திகேசன் சாரு, நான், எல்லாரும் இருந்தோம். வயர ஒருத்தரும் தொடக்கூடாது, எங்கண்ணு முன்னாடி வரிசையாப் பாருங்கன்னான். பேட்டரி வோல்ட்டு சரி. பம்பு ரிலே சரி. வயரு ரெண்டும் புஸ்தகத்துல போட்டிருக்கற எடத்துலதான் மாட்டியிருக்கு, ஒரு மயிரிழ மாறல. அப்பறம் இடது கால கீழேருந்து நாலு பேரு நெம்பி மேல தள்ளுனாங்க. காலு ஏறுச்சு. சுவிட்சு நாக்கு மட்டும் நகரல. அப்பிடியே ஒட்டிக்கிட்டு நிக்கிது. அய்யனாரு இடது கை நகத்தால சொரண்டிப் பாத்தான். மஞ்சளாக் கட்டி கட்டியா வுழுந்துச்சு. மோந்து பாத்துட்டு என்னத் திரும்பிப் பாத்தான்.

குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்பாங்க. எனக்கு நெஞ்சே நின்னு போச்சு. அவன் அடிப்பான்னு நெனச்சேன். அடிக்கட்டும்னும் நெனச்சேன்.

"நாந்தான் பூசுனேன். பூசைக்கு," ன்னு சொன்னேன்.

மொதலாளிதான் மொதல்ல வாயத் தொறந்தாரு. அப்ப அய்யனாரு மேல தப்பில்ல, கேஸு வேணாம், பேசி முடிச்சிக்கலாம்னாரு. எனக்கு உசுரு வந்துச்சு. அவன் அதோட வாய மூடிக்கிட்டுப் போயிருக்கலாம்.

"சுவிட்சு ஒட்டுனது சரி, லீவர யாரு தூக்குனதுன்னு ஒருத்தரும் கேக்கலியே," ன்னான் அய்யனாரு. "பூச அன்னிக்கி எம்பொண்ணத் தூக்கி உள்ள உக்கார வெச்சேன். ஜாக்கியில நிக்கிற பிளைட்டுல ஏத்தக் கூடாதுன்னு தெரிஞ்சே வெச்சேன். அது லீவரத் தூக்கித் தூக்கி வெளையாடிச்சு. பேட்டரி ஆஃபுல இருக்குன்னு வுட்டுட்டேன். பம்பு சத்தம் கேட்டப்பவே எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சிதான் உங்கள அடிச்சேன்."

கார்த்திகேசன் சாரு மூக்குல இன்னும் பிளாஸ்திரி. சாது மனுசன், எறும்பக்கூட வெலகி நடக்கறவரு. கிட்ட வந்து வெச்சாரு பாருங்க ஒரு அறை, அய்யனாரு ஜாக்கி மேல போயி வுழுந்தான். இன்னொண்ணு. வாயி கிழிஞ்சுது. அய்யனாரு தடுக்கல. நானும் தடுக்கல, தடுக்கணும்னு தோணவும் இல்ல. மூணாவதுக்குக் கைய ஓங்குன சாரு, அந்தக் கைக்கட்டப் பாத்துட்டு அப்பிடியே தரையில உக்காந்துட்டாரு. நானும் லீவரப் பாக்கலியேய்யா, ராகு காலம் ராகு காலம்னு உசுர எடுத்தாங்களேய்யான்னு அழுதாரு.

நடந்தத மூணு பேரும் எழுதிக் குடுத்தோம். எனக்கு ஒரு மெமோ. சாருக்கு மூணு மாசம் சஸ்பெண்டு. அய்யனார மட்டும் வேலைய வுட்டே தூக்கிட்டாங்க. பாழாப்போன நியாயம்! உள்ளதச் சொன்னவனுக்குத்தான் இங்க ஒல வெப்பாங்க.

போன வாரம் அவனப் பாக்க குமராட்சிக்குப் போயிருந்தேன். வயலோரமா ஒரு அறுப்பு மெஷினுக்கு அடியில படுத்து, மூணு வெரலால நட்டு முடுக்கிட்டு இருந்தான். வினோதினி ஸ்பானர எடுத்துக் குடுத்துக்கிட்டே ஏதோ வாயாடுது. அது தண்ணி எடுக்கப் போனப்ப கேட்டேன். ஏன்டா, கேஸு இல்ல, வேலையும் இருந்துச்சு, யாரும் கேக்கவும் இல்ல, நீயா ஏன்டா வாயத் தொறந்தன்னு திட்டுனேன்.

மெஷினுக்கு அடியிலேருந்தே சொன்னான்.

"எந்தப்புன்னு சொல்லாம வந்திருந்தா, அன்னிக்கி வூட்டுக்குப் போயி அந்தப் புள்ளய அடிச்சே கொன்னிருப்பேன்க்கா."