செக்வே: எஸ்தர் மேடத்தின் வினைச்சொல்

காலையில் கல்லூரிப் பேருந்துக்காகப் பருத்திப்பட்டு ஏரிக்கரை நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். கதவு திறந்ததும் "ஏறுங்க மேடம், ட்ராஃபிக்கு ஜாஸ்தி கீது" என்று அவசரப்படுத்துகிற ஓட்டுநர் தாஸ், அன்றைக்கு எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். "நம்ம எஸ்தர் மேடம் பூட்டாங்க மேடம். விடிகாலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள..." என்றார். ஏறி உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்தால், ஆசிரியர் குழுவில் வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். நடுவே எங்கள் கல்லூரிச் செயலாளரின் ஆழ்ந்த இரங்கல். அதற்கு அடுத்த செய்தியும் அவருடையதுதான். முதல் வகுப்பு தொடங்குவதற்குள் எல்லோரும் வருகைப் பதிவை முடித்துவிட வேண்டுமாம்.

எஸ்தர் மேடத்தை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆங்கிலத் துறைத் தலைவராக இருந்தவர். கல்லூரியின் பெயர் வேண்டாம். அந்தப் பக்கம் கல்லூரிக்கா பஞ்சம், ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அதே துறையில் அவருக்குப் பக்கத்து மேசை. இறந்தவரைப் பற்றி எழுதினால் இதமாக எழுத வேண்டும் என்பார்கள். எனக்கு அது கைவராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அவரைப் பற்றிய குறை. பிழை கண்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. ஓட்டல் பலகை, கல்யாணப் பத்திரிகை, கட்அவுட், எதையும் விட்டதில்லை. என் மாமியார் இறந்தபோது துக்கம் கேட்க வந்தவர், என் கையைப் பிடித்து அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்த கையோடு வாசலில் ஒட்டியிருந்த ஆங்கில அஞ்சலிச் சுவரொட்டியைக் காட்டினார். "மாலா, தப்பா எடுத்துக்காத. அந்த வெர்ப் இறந்த காலத்துல இருக்கணும்." என் கணவர் அதற்கப்புறம் ஒரு மாதம் அவரைப் பற்றிப் பேச விடவில்லை. எனக்கோ அந்த வீட்டில் அன்றைக்கு வந்த ஒரே சிரிப்பு அதுதான்.

வினைச்சொற்கள் மேல் அவருக்குத் தனிப் பிரியம். "பெயர்ச்சொல் சும்மா நிக்கும் மாலா. வினைச்சொல்ல மூணு காலத்துலயும் நடக்கவிட்டுப் பாத்தாத்தான் அதோட குணம் தெரியும்" என்பார். அவருக்கு மிகவும் பிடித்த வினைச்சொல் ஒன்று இருந்தது. ஆங்கிலத்தில் அதை எஸ், இ, ஜி, யு, இ என்று எழுத வேண்டும். எழுத்தைப் பார்த்தால் லீக் மாதிரி 'சீக்' என்று படிக்கத் தோன்றும். ஆனால் உச்சரிப்பு 'செக்வே'. இத்தாலியிலிருந்து வந்த இசைச்சொல். ஒரு பாட்டு முடிந்து கைதட்ட இடம் கொடுக்காமல் அடுத்த பாட்டுக்குள் நழுவிப் போவதற்குப் பெயர். அண்ணனூரில் அவர் போகும் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை கீபோர்டு வாசிப்பவர் அவர்தான். பாடல் தாளின் கீழே இந்தச் சொல்லைப் பார்த்து, பாஸ்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். இறந்த காலம் 'செக்வேட்'. ஐஎன்ஜி சேர்த்தால் கடைசி 'இ' போகாமல் அப்படியே நிற்கும். "மத்ததெல்லாம் ஐஎன்ஜி வந்ததும் வாலச் சுருட்டிக்கும். இதுக்கு ரோஷம் ஜாஸ்தி" என்று சொல்லிச் சிரிப்பார். வேலைக்குப் போகும் பிள்ளைகள் பத்துப் பேர் நடுவில் ஒரு சொல்லால் தனித்துத் தெரியட்டும் என்று, இறுதியாண்டு வகுப்புக்கு இதைத் தவறாமல் சொல்லிக்கொடுப்பார்.

ஒருநாள் பேருந்தில் தாஸ் பாட்டு போட்டிருந்தார். இரண்டு பாட்டை ஒட்டவைத்த ஏதோ ஒன்று. "இது எப்ப முட்ஞ்சுது, அது எப்ப ஆரமிச்சுதுன்னே தெர்ல பாருங்க மேடம்" என்றார். "அதுக்குப் பேருதான் தாஸ், செக்வே" என்றார் எஸ்தர் மேடம். "இன்னாது, செக்கா? எண்ணெ ஆட்டுவாங்களே, அதா?" பேருந்தே சிரித்தது. மறுநாள் நெடுஞ்சாலையில் நெரிசல். தாஸ் சட்டென்று ஒரு சந்துக்குள் வண்டியை விட்டு, இன்னொரு பக்கம் வெளியே வந்து, கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "எப்டி மேடம், செக்வே பண்ட்டேன்ல?" எஸ்தர் மேடம் அவரை மட்டும் திருத்தவில்லை. "நம்ம ஊர்ல எந்த இங்கிலீஷ் வெர்ப்புக்கும் ஒரே விகுதிதான், 'பண்ணு'. இதவிடச் சுலபமான இலக்கணம் எங்க இருக்கு?" என்றார். பூந்தமல்லி வரும்வரை அந்தப் பேச்சுதான்.

இந்தச் சொல்லால்தான் அவருடைய வேலை போனது. அது எல்லோருக்கும் தெரியாது.

பெரிய நிறுவனம் ஒன்று ஆள் எடுக்க வருவதற்கு முன்னால் கல்லூரியிலேயே மாதிரி நேர்காணல் நடக்கும். அதில் தேறியவர்களின் பெயர்தான் நிறுவனத்துக்குப் போகும். அந்த ஆண்டு செயலாளரே வந்து நடுவில் உட்கார்ந்தார். அவர் நிறுவனரின் மகன், வெளிநாட்டில் படித்தவர். நந்தினி என்ற மாணவியின் முறை வந்தது. ஆவடிப் பெண். தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை, அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார். பொழுதுபோக்கு என்ன என்று கேட்டதற்கு, கல்லூரி இசைக்குழுவில் பாடுவேன், கானாவிலிருந்து மெல்லிசைக்குப் போனோம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். போனோம் என்பதற்கு 'செக்வேட்' என்றாள். சரியான இடம், சரியான காலம். பின் வரிசையில் எஸ்தர் மேடத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

செயலாளர் சிரித்தார். "அது சீக்ட் மா. லீக், கலீக் மாதிரி. நீ சொல்றது மால்ல செக்யூரிட்டி நின்னுகிட்டே ஓட்டுவானே, அந்த ரெண்டு சக்கர வண்டியோட பேரு" என்றார். அரங்கம் முழுக்கச் சிரிப்பு. நந்தினியின் தாளில் 'பேச்சுத்திறன் போதாது' என்று எழுதப்போனார்.

எஸ்தர் மேடம் எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "மன்னிக்கணும் சார். எழுத்து லீக் மாதிரிதான். உச்சரிப்பு பொண்ணு சொன்னதுதான் சரி. எனக்கும் சர்ச்சுல கேட்டுத்தான் தெரியும்" என்றார். தப்பித்துக்கொள்ள அவருக்கு ஒரு வழியையும் திறந்துவைத்தார், பாருங்கள். செயலாளரும் புன்னகைத்துவிட்டார். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் முன்வரிசையில் ஒரு அதிகப்பிரசங்கி, கைப்பேசி அகராதியைத் திறந்து உச்சரிப்பை அழுத்திவிட்டான். ஒரு பெண்குரல் அரங்கம் முழுக்கக் கேட்கும்படி 'செக்வே' என்றது. இரண்டாவது முறை எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை யாரைப் பார்த்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நந்தினியின் பெயர் பட்டியலில் ஏறியது. எஸ்தர் மேடத்தின் பெயர் ஒவ்வொரு இடமாக இறங்கியது. முதலில் துறைத் தலைவர் பதவி. பிறகு அவருடைய வகுப்புகளை மொழி ஆய்வகத்து மென்பொருளுக்குக் கொடுத்தார்கள். பிறகு விடைத்தாள் கட்டுகள் அடுக்கியிருக்கும் ஜன்னல் இல்லாத அறையில் ஒரு நாற்காலி. கடைசியில் பதவியே தேவையில்லை என்றார்கள். நான் செயலாளர் அறைக்குப் போய் ஏன் சார் என்று நேரடியாகவே கேட்டேன். "இது மறுசீரமைப்பு மேடம், பர்சனல் எதுவும் இல்ல" என்றார். இருபது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவர் ஒரு பூங்கொத்துகூட இல்லாமல், வாயிற்காவலர் பையைச் சோதித்து அனுப்ப, வெளியே போனார்.

அதற்கு அடுத்த பட்டமளிப்பு விழாவில் செயலாளர் பேசினார். கல்லூரியிலிருந்து நீங்கள் வாழ்க்கைக்குள் 'செக்வே' ஆகிறீர்கள் என்றார். அட்சரம் பிசகவில்லை. பெற்றோர் கைதட்டினார்கள். நான் கைதட்டவில்லை. வெளியே வந்து எஸ்தர் மேடத்துக்குப் போன் செய்து சொன்னேன்.

"சரியாச் சொன்னாரா?"

"சரியாத்தான் சொன்னார்."

"அப்ப சரி மாலா. கத்துக்கிட்டாரே."

அவருக்குக் கோபம் வரவில்லை. அதில் எனக்கு அவர் மீதே கோபம் வந்தது. வீட்டில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன் என்று பலகை மாட்டினார். யாரும் பெரிதாக வரவில்லை. கல்லூரியில் ஏன் விட்டுவிட்டார்கள் என்று அக்கம்பக்கம் கேட்ட கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. ஏதோ தப்பு செய்துவிட்டு வந்தவர் என்றே சிலர் முடிவுகட்டிவிட்டார்கள். அந்த அவமானம்தான் அவரைத் தின்றது. நெஞ்சு வலி என்று மருத்துவர் எழுதிக்கொடுக்கட்டும், எனக்குத் தெரியும்.

அடக்கத்துக்கு நந்தினி வந்திருந்தாள். நிறுவனத்தின் அடையாள அட்டை கழுத்தில் தொங்க, அலுவலகத்திலிருந்து நேராக வந்திருந்தாள். "என்னாலதான மேடம்? நான் அந்த வார்த்தைய சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்று தேம்பினாள். அவள் அம்மா அவளைப் பிடித்து உலுக்கினார். "இன்னாடி பேசற? அந்தம்மா சொல்லிக் குடுத்தத சொன்ன. அத சொல்லாம ஊட்டுக்கு வந்திருந்தீனா, அந்தம்மா மூஞ்சிய எப்டி பாத்திருப்ப?" என்றார். இதைவிடச் சரியாக அங்கே யாரும் பேசவில்லை.

கல்லூரியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். மேடையில் அவர் படம், பெரிய மாலை, 'எங்கள் நிறுவனத்தின் தூண்' என்று ஒரு ஃப்ளெக்ஸ். செயலாளர் தமிழிலேயே பேசினார், உருக்கமாகத்தான் பேசினார். கடைசியில், "உடல்நலம் காரணமாக எஸ்தர் மேடம் நம்மிடமிருந்து தாமாகவே விலகினார்கள்" என்றார்.

எழ வேண்டும் என்று நான் திட்டமிடவில்லை. கால்கள் எழுந்துவிட்டன.

"சார், ஒரு சின்னப் பிழை. விலகினார்கள் இல்லை, விலக்கினார்கள். நடுவுல ஒரு 'க்' விட்டுப்போச்சு."

செயலாளருக்குப் புரிந்தது என்பது முகத்தில் தெரிந்தது. "இது அதுக்கான இடம் இல்ல மேடம்" என்றார். உட்கார்ந்துகொண்டேன். பின்னால் யாரோ ஒருவர் மெதுவாக, எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல, "விலக்கினார்கள்" என்று சொல்வது கேட்டது. எனக்கு என்ன வரப்போகிறது என்று தெரியும். வரட்டும்.

எஸ்தர் மேடத்திடமிருந்து நான் எடுத்துக்கொண்டது திருத்துகிற வாயை மட்டும்தான். மன்னிக்கிற மனசை அவர் தம்மோடு கொண்டுபோய்விட்டார்.