நாலாவது ஆள்

இன்னாசித்தம்பி எதையும் காதால் சோதிக்காமல் நம்பியதில்லை. யாழ்ப்பாணம் குருநகரில் நாற்பது வருடம் படகு எஞ்சின் திருத்தியவர். தண்ணீர் நிரப்பிய பீப்பாய்க்குள் எஞ்சினை இறக்கி ஓடவிட்டு, கண்ணை மூடிக் கேட்பார். மேல் பிளக் சரியில்லை என்பார். கழற்றினால் அப்படித்தான் இருக்கும்.

அவருடைய பட்டறைக்குப் பக்கத்துக் கொட்டிலில்தான் 'புளூ அங்கேர்ஸ்' ஒத்திகை பார்த்தது. நான்கு பேர், மூன்று கித்தார், ஒரு ட்ரம்ஸ். எண்பதுகளின் தொடக்கத்தில் அவர்களுடைய றொக் கேட்காத கலியாண வீடு அங்கே குறைவு. பிறகு சண்டை. கித்தார்காரர் மூவரும் கனடா போனார்கள். ட்ரம்ஸ் அடித்த றோய் தொண்ணூற்றிரண்டில், சண்டைக்கு நடுவே, கடலேரியைக் கடக்கக் கிளாலியில் படகேறினான். கரை சேர்ந்ததாகவும் தகவல் இல்லை, சேராததாகவும் இல்லை.

குழு திரும்பச் சேரப்போகிறது என்ற கதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது வரும். கொண்டுவருபவர் நெல்லியடிச் சீவரத்தினம், ஓய்வுபெற்ற தபாலதிபர், பழைய ரசிகர். றோய் பிரான்சில் இருக்கிறான் என்பார். அடுத்த முறை நோர்வே என்பார். உன்ரை றோய்க்கு எத்தனை பாஸ்போட் என்று இன்னாசித்தம்பி கேட்பார்.

ஆனால் றோய் செத்ததையும் அவர் நம்பவில்லை. நவம்பரில் இறந்தவர்களுக்காகச் செபிக்கக் கோயிலில் பெயர்ப் பட்டியல் கொடுப்பார்கள். றோய்க்கு வேறு ஆளில்லை. கொடுக்க வேண்டியவர் இவர்தான். முப்பது வருடமாகக் கொடுக்கவில்லை.

இந்தச் செப்டெம்பரில் அவர் இதய நோயால் படுக்கையில் கிடந்தபோது சீவரத்தினம் கைத்தொலைபேசியோடு வந்தார். வருகிற கோயில் திருநாளுக்கு நால்வரும் வந்து வாசிக்கிறார்களாம். புதிதாக ஒரு பாட்டும் பதிவுசெய்து அனுப்பியிருக்கிறார்கள். வீடியோ இல்லை. பழைய படம் ஒன்று மட்டும்.

"முகத்தைக் காட்டினா என்னவாம்?" என்றார் இன்னாசித்தம்பி.

"அண்ணை, முதல்லை பாட்டைக் கேளுங்கோ."

கேட்டார். காலால் மிதிக்கும் பெரிய ட்ரம்மில் நாலாவது அடி ஒரு இழை பிந்தி விழுந்தது. றோயின் வலது முழங்கால் சிறுவயதில் முறிந்தது. அந்தப் பிந்தல் வேறு யாருக்கும் வராது. இன்னாசித்தம்பியின் விரல்கள் கட்டில் சட்டத்தில் தாளம் போட்டன. மகள் லவீனா அதைப் பார்த்தாள். அப்பா நம்பத் தொடங்கிவிட்டார் என்பது அவளுக்குப் பயமாக இருந்தது.

"அவன்ரை அடிதான்," என்றார். "அப்ப ஏன் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை? பிள்ளை, உன்ரை மெசினிலை போட்டுப் பார்."

லவீனா ஆஸ்பத்திரியில் ஈசிஜி இயந்திரங்கள் திருத்துபவள். இதயத் துடிப்போடு கலக்கும் மின்சார இரைச்சலைப் பிரித்தெடுப்பது அவளுடைய அன்றாட வேலை. மடிக்கணினியில் பாட்டை ஏற்றினாள். கித்தார்களுக்கு அடியில் இரைச்சல் அறுபது ஹேர்ட்ஸ். அது கனடா மின்சாரம். ட்ரம்ஸ் தனியே ஒலிக்கும் இடத்தில் ஐம்பது. அது இங்கத்தைய மின்சாரம்.

அவள் இரண்டு எண்ணையும் சொன்னாள். சொன்ன வேகத்திலேயே, "பிரான்சிலையும் ஐம்பதுதான் அப்பா," என்றாள்.

அது உண்மைதான். ஆனாலும் எஞ்சினை இப்போதுதான் சேர்விஸ் செய்தோம் என்று வந்து நிற்பவர்களைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார்.

"அந்த இரைச்சலை எடு. ட்ரம்ஸை மட்டும் விடு."

அவள் எடுத்தாள். அடிகளுக்கு இடையில் வேறொரு ஓசை மிச்சமிருந்தது: தண்ணீருக்குள் ஓடும் எஞ்சின். இடைக்கிடை ஒரு துடிப்பு விடுபட்டது.

சீவரத்தினம் அது என்ன என்று கேட்டார்.

"என்ரை பீப்பாய்," என்றார் இன்னாசித்தம்பி. "மேல் பிளக் சரியில்லை."

யாரோ பழைய ஒத்திகைக் கசெற்றிலிருந்து றோயை வெட்டி எடுத்துக் கொடுக்க, அதன்மேல் மூவரும் வாசித்திருக்கிறார்கள். சீவரத்தினம் கைத்தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு வெளியே எடுத்து அணைத்துவிட்டு மறுபடி வைத்தார். அவர் போனதும் இன்னாசித்தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

"பிள்ளை, நவம்பருக்கு றோயின்ரை பேரைக் குடு. எழுதினதை எனக்குக் கொண்டந்து காட்டிப்போட்டுத்தான் குடுக்கோணும்."

அவர் ஒக்ரோபர் பதினேழில் இறந்தார். நவம்பரில் லவீனா பட்டியல் எழுதினாள். முதலில் றோய். கீழே இன்னாசித்தம்பி. தாளை எடுத்துக்கொண்டு அவருடைய அறை வாசல் வரை போய்விட்டாள்.