அவர் வாயால் வாசித்த பக்கம்

பீர்மேட்டில் எங்கள் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்குக் கீழே ஒரு சின்னப் படிப்பகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே நான் ஒரு வகுப்பு நடத்துகிறேன். பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து அவரவர் வாழ்க்கையில் நடந்ததை எழுத வேண்டும். கொழுந்து கிள்ளிக் கறுத்த விரலில் பேனா பிடித்து, 'அ'வில் தொடங்கியவர்களும் அதில் உண்டு. என் அம்மா அப்படித்தான் தொடங்கினாள்.

வகுப்புக்கு இரண்டு விதி. ஒருவர் எழுதியதை இன்னொருவர்தான் வாசிக்க வேண்டும், அதுவும் தனக்கே நடந்தது போல 'நான்' என்று. அடுத்தவர் வலி நம் வாயில் ஏறினால்தான் மனசில் ஏறும் என்பது என் நம்பிக்கை. இன்னொன்று, தாளில் யார் பெயரும் இருக்கக் கூடாது. எழுதியது யார் என்றும் சொல்லக் கூடாது. இரண்டையும் போட்ட மகா புத்திசாலி நான்தான்.

போன வருஷம் ஒரு ரிட்டையரான சூப்பர்வைசர் வகுப்பில் வந்து சேர்ந்தார். வாராவாரம் ஒரு பை நிறைய ஆரஞ்சு கொண்டுவருவார். தங்கமான மனுஷன் என்று சொல்லி எல்லாரும் உரித்துத் தின்றார்கள். அம்மா ஒரு சுளைகூடத் தொட்டதில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவருக்கு வணக்கம் வைத்தேன்.

எனக்கு ஏழு வயதில், எடை போடும் இடத்தில் அம்மாவின் சாக்கைக் கவிழ்த்துக் கொட்டிய ஆள் இவர்தான். கொழுந்தில் முத்தல் இலை கலந்திருக்கிறதாம். அப்போது தம்பி வயிற்றில் எட்டு மாதம். மற்றவர்கள் எல்லாம் போன பிறகும் அம்மா தூறலில் மண்டி போட்டு ஒவ்வோர் இலையாகப் பிரித்தாள். இவர் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு ஆரஞ்சு உரித்துத் தின்றார். தோலை அந்தக் குவியல் மேலேயே போட்டுவிட்டு, அதையும் பொறுக்கச் சொன்னார். பள்ளிக்கூடம் விட்டு வந்த நான் புத்தகப் பையோடு நின்று பார்த்தேன். அன்றைக்குக் கருவத் தொடங்கியவள்தான், இன்னும் விடவில்லை.

நாலு மாதம் எழுத்துக்கூட்டிப் பழகிய அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்கால் பக்கம் எழுதி நீட்டினாள். 'ஒருத்தர் என் சாக்கைக் கொட்டினார்' என்று தொடங்கியது. மேற்கொண்டு நான் படிக்கவில்லை. தாள்களைக் கலைத்துவிட்டு ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பதுதான் வழக்கம். அன்று அம்மாவின் தாளை மட்டும் தனியாக எடுத்து அவர் கையில் வைத்தேன். சொல்லிக்கொடுக்கிறவள் செய்யக் கூடாத காரியம்தான், தெரிந்தேதான் செய்தேன். அவர் நாக்குக் குழற வேண்டும், அந்த மூஞ்சி கறுப்பதை எல்லாரும் பார்க்க வேண்டும்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணீரென்று வாசித்தார். எட்டு மாத வயிற்றோடு நான் மண்டி போட்டேன் என்றார். நான் தோலைப் பொறுக்கினேன் என்றார். என் மகள் பார்த்துவிட்டாளே என்றுதான் அழுதேன் என்றார். அம்மா அன்று அழுததே எனக்குத் தெரியாது.

அந்த இடத்தில் அவர் குரல் உடைந்தது. பிடிபட்டுவிட்டார் என்று நினைத்தேன். இல்லை. அவருக்குச் சுத்தமாக நினைவில்லை. எத்தனை பெண்களின் சாக்கைக் கொட்டியிருந்தால் இது மறந்துபோகும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரோ நிஜமாகவே அழுதுகொண்டிருந்தார்.

"வாயும் வயிறுமா இருக்கிற பொம்பளைய இப்படிப் பண்ணிருக்கானே. அவன்லாம் நல்லா இருப்பானா?" என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். விதியாவது ஒன்றாவது.

"நல்லாத்தான் இருக்கீங்க, ஐயா."

அவ்வளவுதான் சொன்னாள். அவர் தாளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு மேசை மேல் தான் வைத்திருந்த பையைப் பார்த்தார். அன்று யாரும் ஆரஞ்சு எடுக்கவில்லை. பழிவாங்கி என்னத்தைக் கண்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் எனக்கு வயிறு குளிர்ந்தது.