நியூட்ரலில் விழித்துக்கொள்ளும் நாய்

நாமக்கல்லில் ஆட்டுக்கு ஊசி போடப் போயிருந்தபோது, கால்நடை ஆஸ்பத்திரி பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு லாரி டிரைவர் உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டை, கன்னம் வரை மீசை. தடுப்பூசிக்காக அவர் கொண்டுவந்திருந்த வெள்ளைப் பொமரேனியன் உரித்த தேங்காய் அளவுதான் இருக்கும். அது என் ஆட்டின் காலுக்கிடையில் புகுந்து ஓடி, ஓர் எருமையை மிரட்டிவிட்டு, திரும்ப அவர் மடியில் ஏறியது.

அவர் பேனா வைக்கும் பையிலிருந்து சின்னச் சீப்பை எடுத்து அதன் முடியை வாரிவிட்டார். பிறகு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாயாலேயே லாரி ஓட்ட ஆரம்பித்தார். “ட்ர்ர்ர்ர்...” மூன்றாவது கியரில் நாய்க்குக் கண் சொக்கியது.

“கேபின்லயே வளந்ததுங்க. இன்ஜின் நின்னா முழிச்சுக்கும்.”

அதற்குள் சீட்டு வாங்கக் கூப்பிட்டார்கள். தூங்கிய நாயை என் கையில் வைத்தார்.

“கொஞ்சம் ஓட்டீட்டு இருங்க. நியூட்ரல்ல மட்டும் போட்றாதீங்க.”

எனக்கு ஸ்கூட்டரே ஒழுங்காக ஓட்ட வராது. ஆனாலும் ஓட்டினேன். மூச்சு வாங்க நிறுத்தியபோது நாய் ஒரு கண்ணைத் திறந்தது. அவசரமாகக் கியர் மாற்றினேன். எதிரே இருந்த எருமைக்காரர் காலை மடக்கி வழிவிட்டார்.

டிரைவர் திரும்பி வந்தார்.

“எதுவரைக்கும் வந்திருக்கீங்க?”

“சங்ககிரி தாண்டிட்டேங்க,” என்றேன் யோசிக்காமல்.

“இத்தன வேகம் ஆகாதுங்க,” என்று முகம் சுளித்து, நாயை வாங்கி, ஓட்டிக்கொண்டே ஊசி அறைக்குள் போனார்.

அவர் பெயர்கூடக் கேட்கவில்லை. இன்றும் பஸ் சங்ககிரியைக் கடக்கும்போது, நம்மைவிட இந்தப் பஸ் டிரைவர் மெதுவாகத்தான் ஓட்டுகிறார் என்று தோன்றும்.