பற்றரித் தண்ணியும் மாப்பிள்ளை வீட்டுச் சகுனமும்

எங்கள் கம்பியூட்டர் சூடேறினால் பத்து நிமிடத்தில் நின்றுவிடும். போன கிழமை மகளுக்குப் பார்த்த கனடா மாப்பிள்ளையின் தாய் கமராவில் கதைத்துக்கொண்டிருக்கும்போதே படம் போய்விட்டது. "சகுனம் சரியில்லை" என்றாவாம். இன்று பின்னேரம் திரும்பவும் கதைப்பதாக ஏற்பாடு.

கம்பியூட்டர் திருத்துகிற ரபீக், உள்ளுக்குச் சின்னக் குழாய் பூட்டி, அதில் தண்ணீர் ஓடவிட்டுச் சூட்டை இறக்கலாம் என்றார்.

"கோயில் தீர்த்தம் கொண்டு வரட்டே தம்பி?"

"ஐயோ அன்ரி, துளசி போய்க் குழாயை அடைச்சிடும். கார் பற்றரிக்கு ஊத்துற தண்ணி வாங்கிட்டு வாங்க."

கார் கராஜில் ஒரு போத்தல் வாங்கி வீட்டுக்குத் திரும்பி ஓர்ஸ் ஹில்லுக்கு வர, சென்றியில் சோதனைக்கு மறித்தார்கள்.

"என்ன இது?"

"கம்பியூட்டருக்கு ஊத்துற தண்ணி, மகன்."

"கம்பியூட்டருக்குத் தண்ணியா? குடிச்சுக் காட்டுங்க."

பற்றரித் தண்ணி என்றால் அசிட் எல்லோ! குடிக்காவிட்டால் போத்தல் போகும், சம்பந்தமும் போகும். கோணேசப் பெருமானே என்று ஒரு மிடறு விழுங்கினேன். ருசியில்லாத வெறும் தண்ணீர்! அந்தச் சென்றிப் பிள்ளைக்கும் சிரிப்பு வந்துவிட்டது, போக விட்டார்.

ரபீக் தண்ணீரை நிரப்பி, குழாய் மூட்டுகளுக்குக் கீழே ரிஷூக் கடதாசி வைத்து ஒழுக்குப் பார்த்தார். ரிஷூ நனையவில்லை.

முக்கால் மணித்தியாலம் படம் நிற்கவே இல்லை. கடைசியில் மாப்பிள்ளையின் தாய், "இண்டைக்குச் சகுனம் நல்லாயிருக்கு, சாதகத்தை அனுப்புங்கோ" என்றா.

சகுனத்துக்கு ரபீக்தான் தண்ணி ஊற்றினவர் என்று நான் சொல்லவில்லை. நீங்களும் அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. பற்றரித் தண்ணி குடித்த ஆக்கள் வேறு ஆரும் இருந்தால் மட்டும் கீழே எழுதுங்கோ.