காலி வண்டியில் அளந்த பாதை

சுரங்கத்தில் அவளுக்கு ஷார்ட்கட் மேடம் என்று பெயர். லாரி டிரைவர்கள் வைத்தது. அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். பால் வாங்கப் போனாலும் எந்தச் சந்தில் புகுந்தால் நாலு எட்டு மிச்சம் என்று பார்க்கிற பிறவி. கல்யாணத்தன்று கார் டிரைவருக்கு இவளே வழி சொல்லி, வண்டி ஒரு முட்டுச்சந்தில் போய் நின்றதை அவள் அண்ணன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான்.

"முட்டுச்சந்து வரைக்கும் சீக்கிரமாத்தானே போனோம்?" என்பாள் இவள். விட்டுக்கொடுக்கவே மாட்டாள்.

வேலையும் அதற்கேற்ற மாதிரியே வாய்த்தது. பள்ளத்தில் வெட்டிய தாதுக் கல்லை மேலே உள்ள ஆலைக்கு லாரிகள் எந்த வழியில் கொண்டுவர வேண்டும் என்று திட்டம் போடுவது அவள் பொறுப்பு. அந்த வருஷம் மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்: மூன்று மாதத்துக்குள் டீசல் செலவு பத்தில் ஒரு பங்கு குறைய வேண்டும், இல்லையென்றால் பழைய லாரிகள் நான்கை நிறுத்திவிடுவார். அந்த நாலில் முதல் லாரி அண்ணனுடையது. அதை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

அவள் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். வளைந்து வளைந்து போகும் பழைய சாலை மூன்று கிலோமீட்டர். கிழக்குச் சரிவில் நேராக ஒரு பாதை வெட்டினால் தூரம் பாதி. வெட்டினார்கள். கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தானே நேரமும் பார்த்தாள். பாரம் ஏற்றிய லாரியில் டிரைவரைத் தவிர யாரும் உட்காரக் கூடாது என்பது சுரங்கத்து விதி. அதனால் காலி லாரியில் இறங்கினாள், மேனேஜரின் ஜீப்பில் ஏறி வந்தாள். போகவும் வரவும் பாதி நேரம்தான் ஆனது. அன்றைக்கு அவள் கால் தரையில் படவில்லை.

முதல் மாதம் டீசல் செலவு ஏறியது. இரண்டாம் மாதம் இன்னும் ஏறியது. டயர் சரியில்லை என்றாள், டிரைவர்களுக்குப் பழக்கம் போதாது என்றாள். தன் முதுகு தனக்கு எங்கே தெரிகிறது? டிரைவர்கள் முணுமுணுத்தபோது சண்டைக்குப் போனவன் அண்ணன்தான்.

"என் தங்கச்சி போட்ட ரூட்டுடா. தப்பா இருக்காது. நாமதான் ஒழுங்கா ஓட்டல," என்றான். பக்கத்தில் அவன் லாரியின் ரேடியேட்டர் கொதித்துப் புகைந்துகொண்டிருந்தது.

மூன்றாம் மாதம் பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அவள் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வீடு மேட்டில், சந்தை கீழே. நடுவில் எண்பது படிகள். படியில் தடதடவென்று இறங்கிப் போன அவள் கணவர், பத்து கிலோ வெங்காயத்தோடு தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தார். தையற்காரர், எதையும் நிதானமாகச் செய்கிற மனுஷன்.

"ஏங்க, படி இருக்கிறப்ப எதுக்கு ஊரைச் சுத்தி வர்றீங்க?"

"கைய வீசிட்டுப் போறப்ப படி. மூட்டையோட வர்றப்ப தெரு. நம்பிக்கை இல்லைன்னா நீ தூக்கிட்டு ஏறிப் பாரேன்!"

ரோஷக்காரி ஆயிற்றே. மூட்டையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு சந்தை வரைக்கும் இறங்கி, அங்கிருந்து படியேறினாள். முப்பதாவது படியில் மூச்சு வாங்கியது. நாற்பதில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த இடத்தில் பொட்டில் அடித்த மாதிரி உறைத்தது: பாதையை அளந்தபோது அவள் ஏறிய வண்டி எதிலும் ஒரு கல்கூட இல்லை.

மறுநாள் டிரைவர்கள் எல்லாரையும் கூட்டினாள்.

"தப்பு என்னோடதுதான். காலி வண்டியில அளந்துட்டேன். உங்க மேல பழி போட்டதுக்கு மன்னிச்சிடுங்க."

"விடுங்க மேடம், யானைக்கும் அடி சறுக்கும்," என்றது ஒரு குரல்.

அன்றிலிருந்து காலி லாரிகள் குறுக்குப் பாதையில் இறங்கின. பாரம் ஏற்றியவை பழைய சாலையில் சாவகாசமாக ஏறின. எதிரும் புதிருமாக வந்து வழிவிட நிற்கும் வேலையும் ஒழிந்தது. மாதக் கடைசியில் மேனேஜர் கேட்டதைவிட அதிகமாகவே டீசல் குறைந்திருந்தது. ஒரு லாரியும் நிற்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார். அவள் நேராக அண்ணனிடம் ஓடினாள்.

"உனக்கு மொத நாளே தெரியுமில்ல?"

"ஏத்தத்துல மொத கியர் போட்டப்பவே தெரியும்."

"அப்புறம் ஏண்ணா சொல்லல? உன் லாரியே போயிருக்குமே!"

"அத்தன பேர் முன்னாடி உன்னைத் தலைகுனிய வைக்கணுமா? போடி."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதாள். "இனிமே மொத நாளே சொல்லிடணும்," என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

பாதை போடுகிறவர் பாரம் ஏற்றிய லாரியில் ஒரு தடவையாவது ஏறியாக வேண்டும் என்று மேனேஜரிடம் சண்டை போட்டு விதியையும் மாற்ற வைத்தாள். முதல் சவாரி அண்ணன் லாரியில். இருபது டன் கல்லோடு வண்டி முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது. இரண்டாவது வளைவில் அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"அண்ணா, அந்தப் பாறைக்கு இடது பக்கமா ஒரு சின்ன வழி..."

"மொத நாளே சொல்லிட்டேன்," என்றான் அண்ணன், கியரை மாற்றிக்கொண்டே. "வேணாம்."